கல்குவாரிக்குப் போன மூன்றாவது பெட்டி

என் ஓரகத்தியின் தம்பிக்கு இரண்டு பெண்கள். மூத்தவளைக் கல்குவாரியில் கம்ப்ரசர் ஓட்டுகிறவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். இளையவள்தான் நான் சொல்ல வந்தவள். தண்ணீர் லாரி ஓட்டிய அப்பாவின் மடியிலேயே உட்கார்ந்து வளர்ந்ததால் ஸ்டியரிங் என்றே பேர் விழுந்துவிட்டது. கல்யாணப் பத்திரிகையில் அவளுடைய நிஜப் பெயரைப் பார்த்து, யார் இந்தப் பெண் என்று கேட்ட சொந்தக்காரர்களும் உண்டு.

அவள் ஓட்டுவது நடமாடும் மருத்துவமனை வண்டி. உள்ளே ஒரு நர்ஸம்மா, ஒரு கட்டில், மருந்து வைக்கிற பிரிட்ஜ், கையில் தூக்கக்கூடிய எக்ஸ்ரே மெஷின், எல்லாம் உண்டு. டாக்டரம்மா மட்டும் கிடையாது. அவர் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தபடியே டேப்லெட் திரையில் நோயாளியைப் பார்ப்பார், எக்ஸ்ரே படத்தையும் அங்கிருந்தே பார்த்துச் சொல்வார். ஆகையால் அந்த வண்டிக்கு டீசல் எப்படியோ அப்படித்தான் நெட்டும்.

அந்த நெட்தான் காலை வாரிக்கொண்டே இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே டாக்டரம்மா வாயைத் திறந்தபடி திரையில் உறைந்துபோவார். உடனே நர்ஸம்மா டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உள்ள தகரத் தடுப்பில் ஒரு தட்டு தட்டுவார். ஸ்டியரிங் வண்டியைப் பத்தடி முன்னால் எடுப்பாள். மறுபடியும் தட்டினால் பின்னால் எடுப்பாள். வெளியே வரிசையில் நிற்கிறவர்களும் வண்டியோடு சேர்ந்து முன்னும் பின்னும் நடக்க வேண்டியதுதான். வைத்தியத்துக்கு வந்தோமா, நடைப்பயிற்சிக்கு வந்தோமா என்று கேட்காத ஆள் இல்லை.

மற்ற இடங்களில் எப்படியோ சமாளித்தாள். கல்குவாரியில் ஒன்றும் நடக்கவில்லை. பெரிய பள்ளம், சுற்றிலும் பாறைச் சுவர். அங்கேதான் அவளுடைய அத்தான், மூத்தவள் புருஷன், ஒரு மாதமாக மூச்சு வாங்கிக்கொண்டு கம்ப்ரசர் ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு தடவை வண்டியில் ஏறி எக்ஸ்ரே எடுத்தும் படம் பாதி வழியிலேயே நின்றுபோனது. ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றால், வெறும் இருமலுக்கு வேலையைக் கெடுக்கச் சொல்கிறாயா என்பார். டாக்டர் வாயால் சொன்னால் ஒழிய அசைகிற ஆள் இல்லை.

அந்த நேரம் பார்த்து, கல்குவாரி நிறுத்தத்தையே எடுத்துவிடலாம் என்று வண்டியை நடத்துகிற ஆபீசில் பேச்சு வந்தது. வண்டிக்கு நெட் பிடித்துக் கொடுக்கிற புதுப் பெட்டி ஒன்று வாங்கப் போகிறோம், அதுவும் அங்கே எடுபடாவிட்டால் அந்த இடத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

மூன்று கம்பெனிக்காரர்கள் மூன்று பெட்டியோடு ஆபீஸ் வாசலுக்கு வந்தார்கள். ஆளுக்கு ஆள் போனில் வேகத்தைக் காட்டினார்கள். முதல் பெட்டி காட்டிய எண்ணைப் பார்த்ததும் மேலாளர் கையெழுத்துப் போடப் பேனாவையே எடுத்துவிட்டார். ஸ்டியரிங் குறுக்கே புகுந்தாள்.

“சார், நம்ம வண்டி ஆபீஸ் வாசல்லயா நின்னு வைத்தியம் பாக்குது?”

இந்த வேகம் வேறு எங்கேயும் கிடைக்காது என்று கம்பெனிக்காரர் சிரித்தார்.

“வேகம் இருக்கட்டும் சார். இது விழாம நிக்குமா? விழுந்தா எவ்வளவு நேரத்துல எந்திரிக்கும்? அதச் சொல்லுங்க.”

அவர் போனைத் துடைக்க ஆரம்பித்தார். பெட்டிக்கு ஒரு நாள் வீதம் வண்டியில் வைத்துப் பார்க்க வேண்டும், கதவைச் சாத்தி, பிரிட்ஜ் ஓட, உள்ளே ஆள் நிறைந்திருக்கும்போது பார்க்க வேண்டும், மேலாளர் முன் சீட்டில் கூடவே வர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

“சரிம்மா. மூணு நாள்தான். மூணும் குவாரில படுத்துடுச்சுன்னா அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது” என்றார் மேலாளர்.

முதல் நாள், வேகப் பெட்டி. அதற்கு ஒரே ஒரு சிம். குவாரிப் பள்ளத்தில் நர்ஸம்மா தட்டிய தட்டில் பின்னால் தச்சு வேலை நடக்கிறதோ என்று மேலாளர் திரும்பிப் பார்த்தார். இரண்டாம் நாள் பெட்டிக்கு இரண்டு சிம், ஆனால் ஒன்று விழுந்தால்தான் மற்றது கண் விழிக்கும். அது எழுந்து வருவதற்குள் டாக்டரம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார்.

மூன்றாவது பெட்டி பார்க்க லட்சணமாகவே இருக்காது. வாசலில் காட்டிய வேகமும் முதல் பெட்டியில் பாதிதான். ஆனால் இரண்டு சிம்மும் ஒரே நேரத்தில் வேலை செய்யும், ஒன்று சோர்ந்தால் மற்றது அப்படியே தாங்கிக்கொள்ளும். கூரை மேல் ஆன்டெனா வைத்து, அதன் வயரை உள்ளே இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனார் கம்பெனிக்காரர்.

காலையில் முதல் இடம் பஸ் டிப்போ. வண்டி நின்றதும் தடுப்பில் தட்டு மழையாகக் கொட்டியது.

“இதுவும் அவ்வளவுதான். குவாரிக்கெல்லாம் வேண்டாம், திருப்பு” என்றார் மேலாளர்.

அவள் திருப்பவில்லை. இறங்கிப் பின்பக்கம் போய்ப் பெட்டி எங்கே என்று கேட்டாள். நர்ஸம்மா பெருமையாக இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினார். விலை கூடின சாமான், ஆட்டத்தில் விழுந்துவிடும் என்று மருந்து வைக்கிற இரும்பு பீரோவில் வைத்து, பின்பக்க ஓட்டை வழியாக வயரை விட்டு, பூட்டி வைத்திருந்தார். வெளியிலிருந்து வருகிற சிக்னல் எல்லாம் பெட்டிக்கு ஒழுங்காக வந்துகொண்டுதான் இருந்தது. பெட்டியிலிருந்து டேப்லெட்டுக்கு வருவதைத்தான் பீரோ விழுங்கிவிட்டது.

“வாயக் கட்டிப்போட்டுட்டுப் பாடச் சொன்னா யாரு பாடுவா அக்கா?” என்றாள் ஸ்டியரிங்.

காயத்துக்குக் கட்டுகிற துணிச்சுருளை எடுத்து, கட்டிலுக்கு மேலே இருந்த கொக்கியில் பெட்டியைக் கட்டித் தொங்கவிட்டாள். அடிபட்ட கை போல அது தொங்கியது. மேலாளர் அப்போதும் முணுமுணுத்தார். “தப்பு பெட்டி மேல இல்ல சார், பூட்டு மேல. குவாரி வரைக்கும் வாங்க” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

குவாரியில் அவள் நல்ல இடமாகத் தேடவில்லை. பாறைச் சுவரை ஒட்டி, இருப்பதிலேயே மோசமான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். முதலில் அத்தானைத்தான் ஏற்றினாள். நர்ஸம்மா கதவைச் சாத்தினார். ஐந்து நிமிஷம் ஆனது, பத்து நிமிஷம் ஆனது, ஒரு தட்டுகூட இல்லை. மேலாளருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நர்ஸம்மா தூங்கிவிட்டாரா என்று இறங்கிப் போய்க் கதவைத் திறந்தார். ஸ்டியரிங்கும் பின்னாலேயே ஓடினாள்.

திரையில் டாக்டரம்மா படத்தைக் காட்டி ஒரே மூச்சில் திட்டிக்கொண்டிருந்தார். “நெஞ்சுக்கூட்டுல தண்ணி கோத்திருக்கு. நாளைக்கே வந்தீங்கன்னா எடுத்துடலாம்.”

“நாளைக்கு மெஷினுக்கு ஆள் இல்லீங்க” என்றார் அத்தான்.

“மெஷினுக்கு வேற ஆள் கெடைக்கும். உங்க வீட்டுக்குக் கெடைக்குமா?”

எப்போதும் போல உறைந்துபோய்த் தன்னைக் காப்பாற்றுமா என்று அத்தான் திரையையே பார்த்தார். அது உறைகிற வழியாக இல்லை. “வரேங்க” என்றார்.

மேலாளர் சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வண்டிப் படியில் உட்கார்ந்தே கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு அந்தப் பள்ளத்தில் இருபத்திரண்டு பேர் டாக்டரம்மாவிடம் பேசினார்கள்.

அத்தான் மறுநாளே போனார். தண்ணீரை எடுத்துவிட்டார்கள். ஒன்பதாம் நாள் தன் காலால் நடந்து வீடு வந்தார், குடித்த சிகரெட்டையும் விட்டார். குவாரி நிறுத்தத்தை எடுக்கிற பேச்சு அடங்கி, வாரத்துக்கு இரண்டு நாள் என்றானது. நகரத்தில் ஆபீஸ் நடத்துகிற இரண்டு கிளினிக்குக்கும் நெட் பார்க்க மேலாளர் அவளையே அனுப்பினார். கூடம் நிறைய ஆள் இருக்கிற நேரத்தில், எல்லா மெஷினையும் ஓட்டிவிட்டு, கதவுகளைச் சாத்திய பிறகுதான் எந்தப் பெட்டியையும் பார்க்கவே சம்மதிப்பாள். கம்பெனிக்காரர்கள் இப்போதெல்லாம் மேலாளருக்குப் போன் போடுவதற்கு முன்னால் அவளுக்குத்தான் போடுகிறார்கள். அந்த வருஷம் வந்த நாலு புது வண்டியிலும் கொக்கி அடிக்க வேண்டிய இடத்தை அவளே ஏறிப் போய்க் காட்டினாள்.