தவிட்டுக்கு விற்காத பிள்ளை

சுனாமிக்குப் பிறகு வந்த வருஷங்களில் கடலூரில் ஒரு சின்ன அமைப்பில் எனக்கு வேலை. மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைகளோடு சிதம்பரம் ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஏழைத் தாய்மார்களுக்குத் துணையாக இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆனதும் வீடுவரை கூடப் போக வேண்டும். பிள்ளை தேறும்வரை அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும். பொறுமைசாலிக்கான வேலை. எனக்கோ மூக்கின் மேல் கோபம். ஆனால் அந்தப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டால் கோபமெல்லாம் போன இடம் தெரியாது. என் கையை நீட்டினால் உள்ளங்கையில் தலையும் மணிக்கட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் காலும் முடிந்துவிடும். அந்த அளவு உடம்புக்குள்ளும் ஓர் உயிர் மூச்சுவிடப் போராடுவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

அந்த வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி பெண்ணாடம் பக்கம் கரும்பு வெட்டுகிறவள். முதல் பிள்ளையும் குறைமாதம்தான், வீட்டுக்குப் போய்ச் சில நாளில் இறந்துவிட்டது. இன்னொருத்தி லால்பேட்டைக்காரி, அவளைவிட இளையவள். புருஷன் மலேசியாவில் ஓட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். கணவனுக்குப் பதில் அவளுக்குக் கட்டிலருகே இருந்தது ஒரு செல்போன்தான்.

எங்கள் முக்கியமான மருந்து அம்மாவின் நெஞ்சுதான். சட்டையில்லாத குழந்தையை வெறும் மார்பில் சாய்த்துத் துணியால் சேர்த்துக் கட்டிவிட்டால் அந்தச் சூட்டிலேயே பிள்ளை தேறும். இதைச் சொல்லிக்கொடுக்கப் போனபோது கரும்புக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அது என் புள்ள இல்ல மேடம்.”

“பின்ன யார் புள்ள, என் புள்ளயா?” என்று கத்திவிட்டேன். சிஸ்டர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

பக்கத்துக் கட்டிலிலிருந்து லால்பேட்டைக்காரி சிரித்தாள். “அது எம் புள்ள மேடம். காலையிலதான் அக்கா எங்கிட்ட குடுத்தாங்க.”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. சின்ன வயதில் அடம்பிடித்தால் என் அம்மா, “உன்னத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்” என்று கேலி செய்வார். கேலிக்குப் பின்னால் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் பிறந்தது தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவார்கள். பிறகு அவளுக்கு ஒரு முறம் தவிடு கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். தவிட்டு விலைக்கு வாங்கியதை எமன் மதிக்க மாட்டானாம். கரும்புக்காரி இன்னும் ஒரு படி மேலே போய்விட்டாள். பிள்ளை தேறும்வரை திருப்பி வாங்கப்போவதில்லை என்றாள்.

“உங்கள்ல இதெல்லாம் உண்டா?” என்று லால்பேட்டைக்காரியைக் கேட்டேன்.

“எங்கள்ல ஏது மேடம்? அல்லாவ ஏமாத்த முடியுமா? ஆனா அக்கா நம்பிக் குடுத்துட்டாங்க. நம்பிக் குடுத்தது அமானிதம். பத்தரமாப் பாத்துக்கணும்.” பிறகு கரும்புக்காரியிடம் திரும்பினாள். “நாந்தான் சொல்றேன், எம் புள்ளயக் கொஞ்சம் நெஞ்சுல கட்டிக்கிங்கக்கா. எனக்கு ரெண்ட சேத்துக் கட்ட முடியல.”

கரும்புக்காரி உடனே கட்டிக்கொண்டாள். நான் தொண்டை வறளப் பேசியும் நடக்காதது அது.

ஒரு காலையில் நான் வார்டுக்குப் போனபோது லால்பேட்டைக்காரியின் பிள்ளை இல்லை. விடியும் நேரத்தில் மூச்சு நின்றுவிட்டது என்றார் சிஸ்டர். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். குடிக்கப் பிள்ளை இல்லாமல் பால் கட்டி, ரவிக்கை நனைந்திருந்தது. கரும்புக்காரிக்கோ பாலாடைச் சங்கு நிறையவும் பால் சுரக்கவில்லை. அவளிடம் பால் கேட்க யாருக்கு வாய் வரும்? யாரும் கேட்கவில்லை. மத்தியானம் அவளே எழுந்து உட்கார்ந்தாள். டாக்டரிடம் தானே கேட்டுச் சம்மதம் வாங்கினாள். பாலைப் பாலாடையில் பிழிந்து, கரும்புக்காரியின் நெஞ்சில் கிடந்த பிள்ளையின் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டாள். நான் வராந்தாவுக்குப் போய் அழுதேன். அப்படி ஒரு மனசை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

டிஸ்சார்ஜுக்குப் பிறகு கரும்புக்காரியின் வீட்டுக்குப் பல முறை போனேன். தென்னங்கீற்றுக் கூரை, ஒரே அறை. போகும்போதெல்லாம் பிள்ளை அவள் நெஞ்சில்தான் இருக்கும். சாம்பிராணிப் புகை போட வந்தவர்களையும், குளிப்பாட்டி மூக்கை ஊதிவிட வந்தவர்களையும் வாசலோடு விரட்டினாள். சளிக்காரர்கள் யாரும் உள்ளே வர முடியாது, மாமியார் உட்பட. மணிக்கொரு தரம் பிள்ளையின் பாதத்தைத் தொட்டுச் சூடு பார்ப்பாள்.

“இவ்ளோ கவனமா இருக்கறியே” என்றேன்.

“அடுத்தவங்க புள்ள மேடம். நம்ம புள்ளன்னா அசந்துடலாம். இதுக்கு அவுங்களுக்குப் பதில் சொல்லணுமில்ல?”

பிள்ளைக்குக் கழுத்து நின்றது. கன்னம் வைத்தது. கரும்பு வெட்டு முடிந்த சித்திரையில் அவள் தவிடு வாங்கினாள். பிள்ளையைத் திருப்பி வாங்க லால்பேட்டைக்குக் கிளம்பினாள், நானும் கூடப் போனேன். பஸ்ஸில் கண்டக்டர் பையைப் பார்த்து, “மாட்டுக்கா?” என்றார். “எமனோட எருமைக்கு” என்றேன். கரும்புக்காரி சிரிக்கவில்லை. அவளுக்கு உள்ளூர ஒரு பயம். லால்பேட்டைக்காரி பால் கொடுத்தவள், பிள்ளையைப் பறிகொடுத்தவள். தரமாட்டேன் என்றால்?

லால்பேட்டையில் அவள் பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டாள். அது அவள் முந்தானை நுனியைப் பிடித்து வாயில் வைத்தது. கரும்புக்காரி தவிட்டை முறத்தில் கொட்டி நீட்டினாள்.

“எடுத்துட்டுப் போங்கக்கா. நான் விக்க மாட்டேன்.”

கரும்புக்காரி முறத்தை இன்னும் கிட்டே நீட்டினாள்.

“அமானிதத்த வெலைக்குக் குடுக்கக் கூடாதுக்கா. சும்மா தூக்கிட்டுப் போங்க.”

“சும்மா தூக்கிட்டுப் போனா அது எம் புள்ளன்னு ஆயிடுமேம்மா” என்று கரும்புக்காரி உடைந்து அழுதாள். “எம் புள்ளன்னு ஆனா தங்காதும்மா.”

விற்றால் இவளுக்குப் பாவம். விற்காவிட்டால் அவளுக்குப் பயம்.

லால்பேட்டைக்காரி பிள்ளையின் உச்சியில் முகம் வைத்து மூச்சை இழுத்தாள். பிறகு எழுந்து வந்து, தன் கையாலேயே அதைக் கரும்புக்காரியின் நெஞ்சில் வைத்துத் துணியைக் கட்டிவிட்டாள்.

“அப்ப வாங்காதீங்க. எம் புள்ளயாவே இருக்கட்டும். நீங்க வளங்க. இனிமே இது உங்ககிட்ட எங்க அமானிதம்.”

தவிட்டைத் தன் வீட்டு ஆட்டுக்குக்கூட வைக்க அவள் விடவில்லை. அப்படியே திரும்பிக் கொண்டுவந்தோம்.

காட்டுமன்னார்கோயிலில் ஏறிய ஓர் அம்மாள் பிள்ளையைப் பார்த்துக் கன்னத்தைக் கிள்ளினார். “ஒன் புள்ளயாம்மா?”

“இல்லம்மா” என்றாள் கரும்புக்காரி, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி. “லால்பேட்டைல எந் தங்கச்சி இருக்கா, அவ புள்ள. நான் வளக்கறேன்.”

சொல்லும்போதே அவள் கை துணிக்குள் போய், பிள்ளையின் பாதத்தில் சூடு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது.