ஷாமுக்கு யாரும் சொல்லாதது

தூத்துக்குடி பீச் ரோட்டில், கப்பலில் ஏறும் சரக்குகளுக்குச் சுங்கக் காகிதங்கள் தயார் செய்யும் ஓர் அலுவலகத்தில் ஜெபசுதா இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். உப்போ, அவுரி இலையோ, தேங்காய் நாரோ, எது எந்த ஊர்த் துறைமுகத்துக்குப் போகிறது என்று கம்ப்யூட்டரைப் பார்க்காமலே சொல்லுவாள். வயது ஐம்பது. கனத்த கண்ணாடி போட்டிருப்பாள். அது வழுக்கி இறங்கிக்கொண்டே இருக்கும். தேவாலயச் சபையில் அவள் எந்தப் பொறுப்பும் எடுத்ததில்லை. மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்து, ஆராதனை முடிந்ததும் கணவர் ஜெர்சனின் பைக்கில் ஏறி வீட்டுக்குப் போகிறவள்.

அப்படிப்பட்டவள் நாற்பத்தாறு வயதில் ஒரு புது பாஷை படிக்கத் தொடங்கினாள். அதற்குக் காரணம் அவள் தம்பி ஷாம்.

அவர்களுடைய அப்பா ஜேசுபாதம் சாத்தான்குளம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பள்ளிக்கூட வாத்தியார். ஷாமுக்கு இரண்டு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. பிள்ளை பிழைத்தான், காது போயிற்று. காது கேட்காத பிள்ளை கையை ஆட்டிப் பழகிவிட்டால் வாய்ப்பேச்சு வராது என்று அந்தக் காலத்தில் யாரோ படித்தவர் அப்பாவிடம் சொல்லியிருந்தார். அப்பா அதை அப்படியே நம்பினார். ஆறு வயதில் ஷாமைப் பாளையங்கோட்டையில் விடுதியோடு இருந்த காது கேளாதோர் பள்ளி ஒன்றில் சேர்த்தார்கள். வகுப்பு முடிந்ததும் விடுதிப் பிள்ளைகள் தங்களுக்குள் கையால்தான் பேசினார்கள். ஒரே வருடத்தில் ஷாமின் கைகள் ஓயாமல் பேசக் கற்றுக்கொண்டன. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் அந்தக் கைகளுக்கு வேலையில்லை.

"கையக் கீழ போடுல. என் வாயப் பாரு" என்பார் அப்பா. அம்மா கிருபைக்கு வேறு வழி தெரியாது. அவன் காதருகே குனிந்து சத்தம் போட்டுக் கூப்பிடுவாள். அவள் மூச்சு சுடுவதுதான் அவனுக்குத் தெரியும்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவனுக்குப் புதுச் சட்டை தைத்தார்கள். அதிகாலை ஆராதனைக்குக் கூட்டிப்போய் அக்கா பக்கத்தில் உட்கார வைத்தார்கள். ஒருமுறை, அவனுக்குப் பதினோரு வயதிருக்கும், குருவானவர் பிரசங்கித்துக்கொண்டிருக்கும்போது அவன் ஜெபசுதாவின் பாவாடையை இழுத்து, 'என்ன சொல்லுதாரு?' என்று சைகையில் கேட்டான். அவள் உள்ளங்கையைக் காட்டி, அப்புறம் என்றாள். வீட்டுக்கு வந்து முந்திரிக்கொத்து தின்றார்கள், வெடி போட்டார்கள். அவள் சொல்ல மறந்துபோனாள். அடுத்த வருடம் அவன் கேட்கவில்லை.

வளர்ந்த பிறகு ஷாம் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில், விசைப்படகுகளுக்கு இரும்பு வேலை செய்யும் பட்டறை ஒன்றில் வெல்டராகச் சேர்ந்தான். ஆறுமுகநேரி உப்பளக் குடும்பத்துப் பெண் செல்லக்கனியைக் கல்யாணம் செய்தான். அவளுக்கும் காது கேட்காது. இருவரும் திரேஸ்புரத்தில் குடியிருந்தார்கள். இருபது வயதிலேயே கோயிலுக்குப் போவதை அவன் நிறுத்திவிட்டான். கிறிஸ்துமஸ் மத்தியானம் மட்டும் அக்கா வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, எல்லாரையும் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவான். நல்ல பிள்ளை, யாருக்கும் தொந்தரவில்லை என்று உறவுக்காரர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

அப்பா இறந்தபோதுதான் ஜெபசுதாவுக்கு உறைத்தது. அடக்க ஆராதனையில் குருவானவர் அப்பாவைப் பற்றி ஒரு சம்பவம் சொன்னார். மழைநாளில் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும்போது வாத்தியாருடைய வேட்டி செயினில் மாட்டிக் கிழிந்துவிட்டது. அன்று முழுக்க அவர் மேஜைக்குப் பின்னாலேயே அசையாமல் நின்று கணக்கு நடத்தினார். சாருக்கு என்ன கோபமோ என்று பிள்ளைகள் நடுங்கிப்போய், வருடத்திலேயே முதல்முறையாக எல்லாருக்கும் கணக்கு சரியாக வந்தது. அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். சவப்பெட்டிக்கு அருகில் நின்ற ஷாம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். பிறகு அவனும் கொஞ்சம் சிரித்தான்.

மறுநாள் அவளுடைய போனுக்கு அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "குருவானவரு அப்பா பத்தி என்ன சொன்னாரு? எல்லாரும் சிரிச்சீங்க."

அவள் உட்கார்ந்து தட்டச்சு செய்தாள். வேட்டி செயினில் மாட்டியது, மேஜைக்குப் பின்னால் நின்றது எல்லாம் எழுதினாள். எழுதி முடித்துப் படித்தபோது அதில் சிரிக்க ஒன்றுமில்லை. இருந்தாலும் அனுப்பினாள். "சரி" என்று பதில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று: "எனக்கு அப்பா பத்தி சிரிக்கிற மாதிரி ஒண்ணுமே தெரியாது அக்கா."

அந்த வாரமே அவள் திரேஸ்புரத்துக்குப் போய், கைப்பேச்சு சொல்லிக் கொடு என்று தம்பியிடம் எழுதிக் காட்டினாள். ஷாம் தாளைப் படித்துவிட்டு, இனிமேலா என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டான். செல்லக்கனிதான் அவள் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப்போனாள்.

பாடம் அடுப்படியில் தொடங்கியது. உப்பு, புளி, சாளை மீன், அரிவாள்மனை. ஒவ்வொரு ஞாயிறு மத்தியானமும் ஜெபசுதா போனாள். தப்பாகச் செய்தால் செல்லக்கனி அவள் விரல்களை மடக்கிச் சரிசெய்வாள், சில நாள் செல்லமாக ஓர் அடியும் விழும். கைப்பேச்சில் ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளப் பெயர் உண்டு. ஜெபசுதாவுக்கு வைத்த பெயர், மூக்குக்கண்ணாடியை விரலால் தள்ளிவிடுவது. இரண்டு வருடத்துக்குப் பிறகும் அவள் மீன் என்று காட்டினால் சில நேரம் அது பாம்பாகிவிடும். செல்லக்கனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். ஷாம் ஓரமாக உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் அந்தப் பாடத்தில் ஒருநாளும் சேரவில்லை.

பிறகு செல்லக்கனி ஒருநாள், நானும் கோயிலுக்கு வாரேன், நீ எனக்குச் சொல்லு என்றாள். அவள் வந்தாள். அவளைப் பார்த்து, பீடி இலை வெட்டுகிற ஒருத்தி வந்தாள். தையல்கடைக்காரர் ஒருவர் மனைவியோடு வந்தார். எட்டுப் பேர் சேர்ந்ததும் ஜெபசுதா சபையின் தலைமைக் குருவான சேகரகுருவிடம் போய், வலதுபக்கத் தூண் அருகே நின்று ஆராதனையைக் கையால் சொல்ல அனுமதி கேட்டாள். பாடகர் குழுத் தலைவர் விக்டருக்குத்தான் அது பிடிக்கவில்லை.

"தப்பா நெனைக்காதீங்க. பாட்டு நடக்கும்போது எல்லார் கண்ணும் உங்க கை மேலதான் இருக்கும்" என்றார்.

"ரெண்டு வாரம் பாப்பாங்க அண்ணாச்சி. அப்புறம் பழகிரும்" என்றாள் அவள். அப்படியேதான் ஆயிற்று.

அந்த வருட டிசம்பரில், கிறிஸ்துமஸ் காலை வாசிக்கும் வேதாகமப் பாடங்களை ஜெபசுதா செல்லக்கனியின் வீட்டில் வைத்துப் பழகிப் பார்த்தாள். தொழுவமும் மேய்ப்பர்களும் சுலபமாக வந்தன. இன்னொரு பாடம்தான் கஷ்டப்படுத்தியது: ஆதியில் கடவுளோடு இருந்த வார்த்தை மனித உடலெடுத்து நம் நடுவே குடியிருந்தது என்று சொல்லும் பகுதி. வார்த்தை என்பதற்கு அவள் வாயருகே விரலை வைத்து முன்னால் கொண்டுபோனாள். செல்லக்கனி புரியாமல் பார்த்தாள். மறுபடி செய்தாள்.

தரையில் உட்கார்ந்து மிக்சி மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்த ஷாம் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தான். எழுந்து வந்து அவள் முன்னால் நின்றான். அவர்கள் கையால் பேசியதை நாம் பேசுகிறபடி எழுதுகிறேன்.

"வாயில இருந்து வாரதா? அப்ப அது உங்களுக்குத்தான். எங்களுக்கு இல்ல."

"வாய்னு இல்ல" என்றாள் ஜெபசுதா.

"பொறவு என்ன? என்னது உடம்பு எடுத்துச்சு?"

அவள் வேதபாடம் படித்தவளில்லை. கைக்குத் தெரிந்த சொற்களும் கொஞ்சம்தான். அதனால் சுற்றி வளைக்க முடியவில்லை. "கடவுளுக்கு நம்மகிட்ட சொல்ல ஒண்ணு இருந்துச்சு. ரொம்ப காலமா ஆள் அனுப்பிச் சொன்னாரு. நமக்கு எட்டல. ஆள் அனுப்புறத விட்டுட்டு அவரே வந்துட்டாரு. பிள்ளையா. அவரு சொல்ல நெனச்சது எல்லாமே அந்தப் பிள்ளைதான்."

ஷாம் அவளையே பார்த்தான். "அந்தப் பிள்ளை, வளர்ந்து நல்லவரா இருந்து, செத்து, அதுக்குப் பொறவுதான சாமி ஆனாரு?" அவன் கை கீழிருந்து மேலே ஏறியது.

"இல்ல ஷாம். முதல்லயே சாமி. பொறவுதான் பிள்ளை." அவள் கையை மேலிருந்து கீழே இறக்கிக் காட்டினாள்.

அவன் திரும்பிச் செல்லக்கனியைப் பார்த்தான். உனக்குத் தெரியுமா என்று கேட்டான். போன வருடம்தான் தெரியும் என்றாள் அவள். ஷாமுக்கு அப்போது நாற்பத்துமூன்று வயது. குடிலும் நட்சத்திரமும் ஆடுகளும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறான். அந்தக் கை இறங்கிய திசையை அவனுக்கு யாரும் காட்டியதில்லை.

"வரும்போதே எல்லாம் தெரிஞ்சுதா? பேச, நடக்க?"

"தெரியாது. பிள்ளைன்னா பிள்ளைதான். அம்மாவப் பாத்துத்தான் ஒவ்வொண்ணாப் படிச்சாரு."

"எவ்வளவு நாள்?"

"முப்பது வருஷம் ஊருக்குள்ள சாதாரணமா இருந்தாரு. தச்சு வேல."

"பட்டறையா?"

"மரப் பட்டறை."

ஷாம் தன் கைகளைப் பார்த்தான். வெல்டிங் பொறி பட்ட தழும்புகள் விரல்களெல்லாம் இருந்தன. பிறகு தரையில் உட்கார்ந்தான். ஜெபசுதாவுக்குத் தாங்கவில்லை. "அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும். அப்புறம்னு சொல்லிட்டு விட்டுட்டேன். தப்புதான்" என்றாள். அவன் பரவாயில்லை என்று சொல்லவில்லை.

அவளைத் தட்டிக் கூப்பிட்டான். வாயைத் தொடாதே என்றான். இரண்டு கைகளையும் முன்னால் கொண்டுவந்து, தங்களுக்குள் பேசும்போது விரல்கள் அசைவதுபோல் அசைத்தான். அசையும் ஒரு கையை இன்னொரு கை பிடித்து நிறுத்தியது. புறங்கைத் தோலைக் கிள்ளியது. இது சதை. பிறகு அந்தக் கையை மெல்ல இறக்கித் தரையில், தனக்கும் செல்லக்கனிக்கும் நடுவில் வைத்தான். இங்கன இருந்தாரு.

"இப்படிச் சொல்லு. எல்லாருக்கும் புரியும்" என்றான். செல்லக்கனி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிக்சியை எப்போது மாட்டுவாய், சட்னி அரைக்கணும் என்றாள்.

ஒரு சிக்கல் வந்தது. கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனையில் பாடம் வாசிக்கும்போது விளக்குகளையெல்லாம் அணைத்து, பாடகர் குழு மட்டும் மெழுகுவர்த்தி பிடித்திருக்க வேண்டும் என்று விக்டர் ஏற்பாடு செய்திருந்தார். இருட்டில் கை எப்படித் தெரியும் என்று ஜெபசுதா கேட்டாள். தூண் பக்கத்து டியூப்லைட் ஒன்று எரியட்டும் என்று முடிவாயிற்று. விக்டர் அரை மனதோடு தலையாட்டினார்.

அன்று விடாத மழை. கோயில் வாசலில் முழங்கால் தண்ணீர். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் வந்தார்கள். எட்டுப் பேரும் தூண் அருகே பெஞ்சில் இருந்தார்கள். ஷாம் வரவில்லை. ஜெபசுதா அவனைக் கூப்பிடவும் இல்லை. கூப்பிடக் கூடாது என்றே இருந்தாள்.

பாடம் வாசிக்கும் நேரம் வந்ததும் கோயில் ஊழியர் பழக்கத்தில் எல்லா ஸ்விட்ச்சையும் அணைத்துவிட்டார். தூணும் பெஞ்சும் இருட்டில் மூழ்கின. வாசிக்கிறவர் தொடங்கிவிட்டார். ஜெபசுதா தூக்கிய கைகளோடு நின்றாள். எதிரே எட்டுப் பேரும் கண்ணை இடுக்கிக்கொண்டு முன்னால் சாய்ந்தார்கள்.

அப்போது பாடகர் குழுவிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். விக்டர். தன்னுடையதோடு பக்கத்து ஆளுடைய மெழுகுவர்த்தியையும் வாங்கி வந்திருந்தார். அவளுக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு கைகளிலும் அவற்றை அவள் விரல்களுக்கு அருகே தூக்கிப் பிடித்தார். "சொல்லுங்க" என்றார் மெல்ல. அவர் கையில் மெழுகு வழிந்தது. பாடம் முடியும்வரை அவர் நகரவில்லை.

அவள் ஷாம் காட்டியபடியே சொன்னாள். பேசும் கை, கிள்ளிய தோல், கீழே இறங்கி அவர்கள் நடுவில் அமர்ந்தது. பெஞ்சிலிருந்த தையல்கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் புறங்கையை ஒருமுறை தானே கிள்ளிப் பார்த்துக்கொண்டார்.

விளக்கு வந்ததும் அவள் வாசல் பக்கம் பார்த்தாள். நனைந்த சட்டையோடு, செருப்பைக் கையில் பிடித்தபடி ஷாம் நின்றிருந்தான். எப்போது வந்தானென்று தெரியவில்லை. அவள் பார்ப்பதைப் பார்த்ததும், சரியாத்தான் சொன்ன, ஆனா வேகம் பத்தாது என்று அங்கிருந்தே கையால் சொன்னான்.

அவன் அதன் பிறகும் வாரா வாரம் கோயிலுக்கு வருவதில்லை. பிரசங்கம் நீளம் என்கிறான். ஆனால் ஞாயிறு மத்தியானங்களில் திரேஸ்புரத்து வீட்டில் அந்த எட்டுப் பேரும், இப்போது இன்னும் நாலைந்து பேரும் கூடுகிறார்கள். அந்த வாரத்துப் பாடத்தை ஜெபசுதா ஷாமுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவாள். அவன் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்பான். அவளுக்குத் தெரியாதவற்றைக் குருவானவரிடம் கேட்டு வரச் சொல்லுவான். பிறகு அவன் எழுந்து நின்று மற்றவர்களுக்குச் சொல்லுவான். முகமும் தோளும் விரலும் சேர்ந்து, கூடத்திலேயே படகும் புயலும் சந்தையும் வந்துவிடும். அம்மா கிருபைக்கு எழுபத்தெட்டு வயது. அவளும் சில நாள் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, மகன் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். என்னளா சொல்லுதான் என்று மகளிடம் கேட்பாள்.

ஜெபசுதாவுக்கு அவன் வேகத்தில் பாதிதான் பிடிபடும். பிடிபட்டவரை அம்மாவுக்குச் சொல்லுவாள்.