நாலு பக்கமும் வாசல்

தீவுகள் எப்படி இருந்தன என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். தீபாவளி சீசன் முடிந்ததும் எங்கள் பட்டாசுக் கம்பெனியில் மண்டபம் கடற்கரைக்குச் சுற்றுலா கூட்டிப்போய், தீவுகளைப் பார்க்கப் படகில் ஏற்றினார்கள். மாதக்கணக்கில் திரி செருகிய அசதி. முதல் தீவில் இறங்கியதும் மணலில் படுத்துத் தூங்கினோம். அடுத்த தீவிலும் தூக்கம்தான். திரும்புகையில் படகிலும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து கிடந்தோம்.

படகோட்டி பீடி பற்றவைக்கத் தீக்குச்சியை உரசினார். அந்தச் சத்தத்துக்கு அத்தனை பேரும் எழுந்து ஓடப் பார்த்தோம். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"உக்காருங்க. சுத்தித் தண்ணி கெடக்கு, தீக்குச்சிக்குப் போயி பயப்படுறீங்க" என்று அதட்டினார்.

என்னோடு வேலை பார்க்கும் அக்கா அலுப்போடு உட்கார்ந்தாள்.

"நாங்க வேலை பாக்குற ரூமுக்கு ஓடுறதுக்குன்னே நாலு பக்கமும் வாசல் வச்சிருக்காக அண்ணே. ஒங்க படகுல ஒண்ணையும் காணோமே."