வலது காலுக்கு இரண்டு கட்டு

பூனாவில், பாணேரில் நான் சமைக்கப் போகும் வீடு நாலாவது மாடியில் இருக்கிறது. தினமும் காலை ஏழரைக்கு அந்த வீட்டு வாசலுக்கு வெளியே மாடிப்படியில் உட்கார்ந்துகொள்வேன். வலது கால் செருப்பைக் கழற்றுவேன். கணுக்கால் மடங்காமலிருக்க மாட்டியிருக்கும் கட்டின் நாடாவைப் பிரிப்பேன். ஷூவுக்குக் கட்டுகிற மாதிரி நீள நாடா, இரண்டு பக்கமும் ஓட்டை ஓட்டையாகப் போகும். பிரித்த கட்டையும் உள்ளே போடும் சாக்ஸையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கதவுக்கு வெளியே ஆணியில் மாட்டுவேன். அப்புறம் சுவரைப் பிடித்தபடி உள்ளே போய்க் காலைக் கழுவித் துடைத்து, அடுப்படி அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும் இன்னொரு கட்டை எடுத்து மாட்டிக்கொள்வேன். அதுவும் இதே கம்பெனி, இதே அளவு. ஒன்று தெருவுக்கு, ஒன்று அடுப்படிக்கு. தெருவில் நடந்ததை அடுப்புக்கு முன்னால் கொண்டுபோக எனக்கு மனசு வரவில்லை.

எதிர்வீட்டில் ஒரு மராத்திக்காரர் இருக்கிறார். கம்ப்யூட்டர் வேலை. நான் படியில் உட்கார்ந்திருப்பதை ஒருநாள் பார்த்துவிட்டு, "மௌஷி, லிஃப்ட் பந்த் ஹை க்யா?" என்றார். லிஃப்ட் ஓடவில்லையா என்று கேட்கிறார். மௌஷி என்றால் சித்தி. வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் எல்லாரும் இங்கே மௌஷிதான். நான் இல்லை என்று தலையாட்டினேன். படியேறிக் களைத்துவிட்டேன் என்று எடுத்துக்கொண்டார் போல. உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு நாளாவது தண்ணீர் வரும். விவரம் சொல்ல எனக்கு இந்தி போதாது. தமிழ்க்காரராக இருந்தாலும் சொல்லியிருப்பேனா, தெரியாது.

நான் பூனாவுக்கு வந்தது தொண்ணூற்றொன்றில். என் வீட்டுக்காரர் தாபோடிப் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டராக இருந்தார். எட்டு வருஷம் கழித்து மஞ்சள் காமாலையில் போய்விட்டார். ஒரே மகள். அவளை ராஜபாளையத்தில் நாத்தனார் மகனுக்குக் கட்டிக்கொடுத்தேன். நீயும் இங்கேயே வந்துவிடு என்றார்கள். போனால் சம்பந்தி வீட்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வரவில்லை என்று சொல்லிவிட்டேன். தாபோடியில் அதே அறையில் இருக்கிறேன். சாயங்காலம் வந்து பூட்டைத் திறந்தால் மறுநாள் காலை பஸ் ஏறும்வரை தமிழ் பேச ஆள் இல்லை. அது பழகிவிட்டது. ஊரில் இருந்தவரை செருப்பு என்பது சித்திரை வெயிலுக்கும் கருவேல முள்ளுக்கும்தான். இந்தக் காலை நான் ஒரு சாமானாக நினைத்ததே இல்லை. கூடவே வந்தது, அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து ஐந்து மழைக்காலத்தில் பாணேர் ரோட்டை அகலப்படுத்தத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வலது கால் ஜல்லிக் குவியல் விளிம்பில் பட்டு உள்பக்கமாக மடங்கியது. அன்றைக்குச் சமைத்துவிட்டுத்தான் வந்தேன். புளியையும் உப்பையும் கரைத்துக் காய்ச்சிப் பற்றுப் போட்டு, பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றினேன். பத்து நாளில் வீக்கம் வடிந்தது. சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு ரேஷன் கடை வரிசையில் ஒருநாள், சும்மா நின்று திரும்பியதற்கே மடங்கியது. குழாயடியில் ஒருநாள். அறை வாசலில் ஒருநாள். வலி பெரிதாக இல்லை. தாழ் ஆடிப்போன கதவு மாதிரி, எப்போது விலகும் என்று தெரியாது. விழுந்தால் எழுந்துகொள்ளலாம். எனக்குப் பயம் அதில் இல்லை. பயம் நிலாவால்.

நிலா அந்த வீட்டுக் குழந்தை. அப்போது பதினோரு மாசம். அதன் அம்மா கவிதா கோயமுத்தூர்ப் பெண். வீட்டிலேயே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பாள். என் சத்தம் கேட்டதும் நிலா தவழ்ந்து அடுப்படிக்கு வந்துவிடும். என் சேலைக் கொசுவத்தைப் பிடித்து எழுந்து நிற்கும். நான் கரண்டியோடு நகர்ந்தால் அதுவும் நகரும். நாள் முழுக்க என்னைத் தொடுகிற ஒரே ஆள் அதுதான். கையில் கொதிக்கிற பாத்திரம் இருக்கும்போது கால் மடங்கினால்? கவிதாவிடம் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே முடியவில்லை. சொல்லாமல், காலுக்கு ஏதாவது வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று போனேன்.

தாபோடி ஸ்டேஷன் பக்கம் சர்ஜிகல் சாமான் கடை ஒன்று உண்டு. நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவர் மூன்று விதம் எடுத்துப் போட்டார். ஒன்று சாக்ஸ் மாதிரி இழுத்து மாட்டுவது. ஒன்று நாடா கட்டுவது. ஒன்று இரண்டு பக்கமும் கெட்டி பிளாஸ்டிக் வைத்தது. டப்பாவில் பந்தை உதைக்கிற ஆளின் படம். "கிஸ்கே லியே? பேட்டா கேல்தா ஹை?" என்றார். யாருக்கு, மகன் விளையாடுகிறானா என்று. எனக்கு என்று சொல்லியிருந்தால் அளவெடுக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு வந்திருப்பார். கடையில் நாலு ஆம்பிளைகள். அவர்கள் முன்னால் சேலையைத் தூக்கி, தெரியாத ஆம்பிளையிடம் காலை நீட்ட வேண்டும். ஆமாம் என்று தலையாட்டினேன். மகன் காலளவு கேட்டார். தெரியாது என்றேன். சரி, எந்த சைஸ் என்றார். பெரியதாகக் கொடுங்கள் என்றேன். எங்கள் பக்கம் எதையும் பிடிப்பாக வாங்க மாட்டோம். ரவிக்கை தைத்தால் உள்ளே துணி விடச் சொல்வோம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சட்டை அடுத்த வருஷத்துக்கும் சேர்த்துத்தான். வீங்கினாலும் இடம் இருக்கும் என்று நாடா கட்டுகிறதில் பெரிய சைஸாக ஒன்று வாங்கினேன். "கோல் மாரேகா," கோல் போட்டுவிடுவான் பாருங்கள் என்று சிரித்து அனுப்பினார்.

அதை அடுப்படிக்குள் மட்டும் மாட்டிக்கொண்டேன். நாலு நாள் நன்றாகத்தான் இருந்தது. கால் கெட்டியாகிவிட்ட மாதிரி ஒரு தைரியம். கவிதா வீட்டுக்காரருக்கு வடித்த சோறுதான் வேண்டும். ஐந்தாம் நாள் பானையைத் துணி போட்டுப் பிடித்துத் தூக்கி, கஞ்சி வடிக்கத் தொட்டிப் பக்கம் திரும்பினேன். நேராக நடந்தால் இந்தக் கால் ஒன்றும் செய்யாது. திரும்பும்போதுதான். கட்டு நின்ற இடத்தில் நேராக நின்றது. கால் மட்டும் அதற்குள்ளே மடங்கியது. நிலா எனக்கு இடதுபக்கம், இரண்டு அடி தள்ளி உட்கார்ந்து டப்பா மூடியைத் தட்டிக்கொண்டிருந்தது. பானையோடு வலதுபக்கச் சுவரில் போய் விழுந்தேன். கஞ்சி என் முழங்கைக்குக் கீழே கொட்டியது. சோறு தரை முழுக்க. குழந்தை மேல் ஒரு சொட்டு இல்லை. சத்தத்துக்குத்தான் அழுதது.

கவிதா ஓடிவந்து முதலில் குழந்தையைத் தூக்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் என் கையைக் குழாயில் காட்டினாள். ஆயின்ட்மென்ட் போட்டுவிட்டாள்.

"எத்தன நாளாங்க்கா இப்படி?"

"மழைக்காலத்துல இருந்து."

"எங்கிட்டச் சொல்லோணும்னு தோணவே இல்லீங்களா?"

அவள் தரையில் கிடந்த சோற்றைத் துடைப்பத்தால் தள்ளினாள். "குழந்த இருக்குதுங்க்கா," என்றாள். "காலு நல்லாகட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

கத்தியிருந்தால் பரவாயில்லை. அவள் சொன்னது நியாயம். சோற்றை அள்ளி முடித்துவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறிவு இல்லை, பிடித்திருக்கும் ஜவ்வு தளர்ந்துவிட்டது என்றார்கள். கை காலுக்குப் பயிற்சி கொடுக்கும் இன்னொரு அறைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு மராத்திப் பெண், மகள் வயசுதான் இருக்கும். முக்காலியில் உட்கார்ந்து என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். படித்த பிள்ளை. வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். "துக்தா ஹை?" வலிக்கிறதா என்றாள். வலிக்கவில்லை. மடியில் கால் வைக்கக் கூடாது என்பதை இந்தியில் எப்படிச் சொல்வது? ஆமாம் என்றேன். அப்புறம் இன்னும் மெதுவாகப் பிடித்தாள். அந்தக் காலை யாரும் தொட்டுப் பார்த்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் கொண்டுபோன கட்டை மாட்டிக் காட்டச் சொன்னாள். அதற்குள் இரண்டு விரலை விட்டு ஆட்டிக் காட்டிச் சிரித்தாள். அவள் சொன்னதில் புரிந்ததை எழுதுகிறேன், யாருக்காவது உதவும். சாக்ஸ் மாதிரி இருப்பது கதகதப்புக்கு, மடங்குகிற காலை அது நிறுத்தாது. கெட்டி பிளாஸ்டிக் வைத்தது நிறுத்தும், ஆனால் ஷூவுக்குள்தான் நிற்கும். மடங்குகிற காலுக்கு, நாடா கட்டி, இரண்டு பக்கமும் பட்டை வைத்தது. அளவெடுத்துத்தான் வாங்க வேண்டும். கட்டினால் இறுக்கமாக இருக்க வேண்டும், விரல் மரத்துப்போகக் கூடாது. படுக்கும்போது கழற்ற வேண்டும். அதைவிட முக்கியம், கட்டு மட்டும் போதாது, தினமும் அந்தக் காலில் மட்டும் நின்று பழக வேண்டும்.

ஷூ போட்டுக்கொண்டு சமைக்கலாமே என்றும் சொன்னாள். ஓட்டலில் எல்லாம் அப்படித்தானாம். பதினாறு வயசிலிருந்து வெறுங்காலில் நின்று சமைக்கிறேன். அது முடியாது என்றேன்.

திரும்பக் கடைக்குப் போனேன். பெரியவருக்கு ஞாபகம் இருந்தது. மகன் கால் சரியாகிவிட்டதா என்றார். "பேட்டா நஹீ ஹை," மகன் இல்லை என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. எழுந்து நின்றார். செத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டார். பிறக்கவே இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. "மேரா பைர்," என் கால்தான் என்றேன். கொஞ்ச நேரம் என் காலைப் பார்த்தார். அப்புறம் டேப்பை என் கையில் கொடுத்துவிட்டு, அலமாரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நானே குனிந்து அளந்தேன். மீடியம். இரண்டு வேண்டும் என்றேன். ஒரு காலுக்கு இரண்டா என்று கேட்க வாயெடுத்தார், கேட்கவில்லை.

மூன்று வாரம் வீட்டில் இருந்தேன். சுவரைப் பிடித்து ஒற்றைக்காலில் நின்றேன். பிறகு பிடிக்காமல் நின்றேன். நூறு எண்ணும்வரை நிற்க முடிந்த அன்று பாணேருக்குப் பஸ் ஏறினேன். கவிதாதான் கதவைத் திறந்தாள். வேறு ஆள் போட்டிருந்தாள், ஆனால் ரசம் சரியில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. உள்ளே கூப்பிடுவதற்கு முன் வாசலில் நின்றே காட்டினேன். வலது காலில் நின்றேன், இடது காலைத் தூக்கிக்கொண்டு.

"ஏனுங்க்கா, வாசல்ல வந்து ஒத்தக்கால்ல நிக்கிறீங்க? கேட்டா வேண்டாம்னா சொல்லப் போறேன்?"

"பாத்துக்கோ. அப்புறம் சொல்லு."

அவள் சிரித்தாள். கண் கலங்கியும் இருந்தது. மறுநாளிலிருந்து வரச் சொன்னாள். ஆனால் அடுப்படி வாசலில் ஒரு பலகைத் தடுப்பு வைத்தாள், என் இடுப்புக்குக் கீழே வரும். நான் உள்ளே, நிலா வெளியே. முதல் வாரம் தடுப்பைப் பிடித்துக்கொண்டு அழுதது. நான் திரும்பிப் பார்க்காமல் தாளித்தேன். பிறகு அழுவதை விட்டுவிட்டது. குழம்பு கொதிக்கிற நேரம் நான் ஒற்றைக்காலில் நிற்பதைப் பார்த்துத் தானும் ஒரு காலைத் தூக்கி விழும். இப்போது அதற்கு மூன்று வயசு. தடுப்பை எடுத்துவிட்டார்கள். அடுப்படிக்கு வருவதில்லை. டிவி பார்க்கிறது. "பாய், பானி தோ," என்று இந்தியில் தண்ணீர் கேட்கிறது. பாய் என்றால் வேலைக்காரம்மா. கொடுக்கிறேன்.

கால் அப்புறம் மடங்கவில்லை.

போன பொங்கலுக்கு ராஜபாளையம் போனேன். இரண்டு ராத்திரி ரயிலில். மகள் வீட்டு வாசலில் உட்கார்ந்து நாடாவைப் பிரித்தேன். அவள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து காலில் ஊற்றினாள். ஊற்றியவள் அப்படியே நின்றுவிட்டாள். இடது கால் எப்போதும் போல் கறுத்து, வெடித்து இருந்தது. வலது கால், தினமும் சாக்ஸுக்கும் கட்டுக்கும் உள்ளேயே இருந்ததில், கெண்டைக்காலுக்குக் கொஞ்சம் கீழிருந்து கோடு போட்ட மாதிரி வெளுத்துக் கிடந்தது. நாடாத் தடம் வரிவரியாக.

"ஏம்மா, இந்தக் காலு உன்னுது. அது யாருதும்மா?" என்றாள்.

விளையாட்டுக்குத்தான் கேட்டாள். அடுப்படிக்கட்டு தாபோடியில் இல்லை, இங்கேயும் இல்லை, கவிதா வீட்டு அலமாரியில் இருந்தது. தெருக்கட்டைப் போட்டுக்கொண்டு மகள் வீட்டுக்குள் போக முடியாது. கறுத்த காலை முதலில் நிலைப்படிக்கு அந்தப் பக்கம் வைத்தேன். வெளுத்த கால் ஈரத்தோடு வாசலில் நின்றது. "வாம்மா உள்ள," என்று மகள் கை நீட்டினாள். நிலையைப் பிடித்துக்கொண்டு, கட்டு இல்லாமல் இந்தக் கால் இந்தத் தரையில் நிற்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.