லோஷினியின் கொதிக்கும் மடிக்கணினி

என் மருமகள் லோஷினி, செனாய் ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே டிப்ளோமா படிக்கிறாள். எடுத்த காரியத்தைப் பாதியில் விடமாட்டாள். சரஸ்வதி பூசை வாரத்தில் அவளுடைய மடிக்கணினியை ஏதோ புதுப்பித்தாள். அதிலிருந்து அது தோசைக்கல்லாய்க் கொதித்தது, தானாக அணைந்தும் போனது. தேர்வுக்கு முந்தின நாளும் அதே கதைதான்; மறுநாள் அதில்தான் இறுதித் தேர்வு எழுத வேண்டும்.

"அந்த அப்டேட்தான் அத்தை, எல்லாத்தையும் கெடுத்துச்சு."

தேவையில்லாமல் உள்ளே ஓடிய நிரல்களையெல்லாம் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தாள். சூடு கொஞ்சம் தணிந்தது. அரைமணி நேரத்தில் மறுபடியும் அணைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைக் கவிழ்த்தாள். அடியில் இருந்த காற்றுத் துளைகள் முழுக்கக் காய்ந்த சந்தனம்.

"பூசைல இங்கயா பொட்டு வெச்சீங்க?"

"மேல வெச்சா அழுக்காகும்னு நீதானே சொன்ன? சந்தனம் குளிர்ச்சிதானே லா!"

"அலமாக், ஐயோ அத்தை, அதோட மூச்சையே அடைச்சிட்டீங்களே!"

சிரித்துக்கொண்டே பழைய பல் தூரிகையால் சுரண்டி எடுத்தாள். மறுநாள் மூன்று மணி நேரமும் கணினி அணையவில்லை. தேர்வை முழுதாக எழுதி முடித்தாள்.

பாதித் தப்பு அந்த அப்டேட்டுடையது என்றுதான் நான் இன்றைக்கும் சொல்வேன். லோஷினி மறுத்துப் பேசுவதில்லை. அவ்வளவு நல்ல பெண்.