ஆண் வண்டு

வீட்டில் அவளைப் பூச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த அன்று அண்ணன் வைத்த பெயர். அம்மாவும் சாகும்வரை அப்படியே கூப்பிட்டாள். "நம்ம வீட்டு ஆம்பளைங்க யாரும் குடிச்சதில்ல. இவ மட்டும் செத்த பூச்சிக்கெல்லாம் சாராயம் ஊத்தி வைக்கிறா" என்று வருகிறவர்களிடமெல்லாம் அண்ணி சொல்லிச் சிரிப்பாள்.

சாலையை அகலப்படுத்தக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். அங்கே புதைத்தவர்களைத் தோண்டி வேறு இடத்துக்கு மாற்றும் வேலை நடந்தது. வேலையாட்களின் மேஸ்திரி ஒருநாள் மருந்துக் குப்பியோடு அருங்காட்சியகத்துக்கு வந்தார்.

"சவப்பெட்டிக்குள்ள இருந்துச்சும்மா. கடிச்சா ஏதாவது ஆயிடுமான்னு பசங்க பயப்படுறாங்க."

குப்பிக்குள் இரண்டு வண்டுகள். அரிசி நீளம், தேன் நிறம். இறக்கையை மூடும் ஓடு முதுகில் பாதிகூட இல்லை. கைக்குழந்தைச் சட்டை மாதிரி மேலேயே நின்றுவிட்டது. மீதி உடம்பைத் தேள்போலத் தூக்கி வைத்திருந்தன. நுண்ணோக்கியில் பார்த்தாள். கண் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருந்தது.

அந்த வகை வண்டுகளின் மாதிரிகள் இருந்த இழுப்பறைகளை எல்லாம் திறந்து பார்த்தாள். எதோடும் ஒத்துப்போகவில்லை. புதிய இனம்தான். ஆனால் இரண்டும் பெண். இந்த வண்டுகளில் ஒரு இனத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துச் சொல்ல ஆணின் இனப்பெருக்க உறுப்பின் வடிவம் வேண்டும்.

"ஆண் இல்லாம புது இனம்னு எழுதினா ஒருத்தனும் ஒத்துக்க மாட்டான்" என்றார் பிரிவுத் தலைவர்.

அதனால் தூரிகையும் குப்பியுமாகத் தினமும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். திறந்த பெட்டிகளில் எலும்போடு ஈரமண்ணும் வேரும்தான் இருந்தன. கடைசி வரிசை பாக்கி. அம்மா இருந்தது அந்த வரிசையில்.

அன்று காலை அண்ணனும் அண்ணியும் வந்திருந்தார்கள். அண்ணன் அவள் தோள்பையைப் பார்த்தான்.

"அம்மாவத் தூக்க வந்தியா, பூச்சி பொறுக்க வந்தியா?"

"ரெண்டுக்கும்தான்ண்ணா."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மேஸ்திரி மூடியை நெம்பி எடுத்தார். உள்ளே பெருக்கித் துடைத்த மாதிரிச் சுத்தம். எலும்பு, தலைமுடி, மடிப்புக் கலையாத துணி. அவ்வளவுதான். வெயில் விழுந்ததும் துணி அசைந்தது. அதன் அடியிலிருந்து வண்டுகள் வந்தன. ஒன்றிரண்டல்ல; துணியின் நிறமே மாறிவிட்டது. வாலைத் தூக்கிக்கொண்டு எல்லாம் ஒரே திசையில், அம்மாவின் முடியை நோக்கி நடந்தன.

"பூச்சி!" என்று அண்ணன் கத்தினான். அவளைத்தான் கூப்பிட்டான்.

வண்டுகள் அத்தனையும் நின்றன.

சத்தத்தின் அதிர்வு, வேறொன்றுமில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டே குனிந்தாள். தூரிகையால் தொட்டுத் தொட்டுக் குப்பியில் சேர்த்தாள். எதுவும் ஓடவில்லை. அவள் கையும் நடுங்கவில்லை. அதுதான் பிற்பாடு அவளுக்கு உறுத்தியது. எலும்புகளை அண்ணன்தான் எடுத்தான். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டாள்.

பிடித்ததில் ஆண்கள் நிறைய. வெந்நீரில் ஊறவைத்து, மெல்லிய ஊசியால் உறுப்பை எடுத்து வரைந்தாள். இடப்பக்கம் வளைந்த கொக்கி. வேறெந்த இனத்திலும் அப்படிக் கிடையாது. புதிய இனத்துக்கு அம்மாவின் பெயரை வைக்கச் சொன்னார் தலைவர். அவள் ஒப்பவில்லை. இருட்டைக் குறிக்கும் சொல் ஒன்றை வைத்தாள்.

கட்டுரை வெளியானபின் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அதுவரை அவன் அவளோடு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. கட்டுரையை வாங்கி வண்டின் படத்தைப் பார்த்தான்.

"இதுங்க அம்மாவையா தின்னுச்சு?"

"இல்லண்ணா. இந்த வகை வண்டு ஈப்புழுவத்தான் தின்னும்."

"அம்மா போயி இத்தன வருஷத்துக்கு அப்புறம் அங்க ஏது ஈ?"

அவளுக்கும் அதே கேள்விதான். பெட்டி மண்ணைச் சலித்துப் பார்த்திருந்தாள். புழு இல்லை, புழுக்கூடுகூட இல்லை. ஒரு வண்டின் வயிற்றைக் கீறியும் பார்த்தாள். நிரம்பியிருந்தது. வெளிறிய, நார் இல்லாத ஏதோ ஒன்று. என்னவென்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"தெரியலண்ணா. உணவு தெரியவில்லைன்னுதான் எழுதியிருக்கேன்."

அண்ணன் தாளை மேசையில் வைத்தான். அண்ணி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"புது இடத்துல குழிய நல்லா அழுத்தித்தான் மூடினோம்" என்றான் அவன். யாரும் அவனைக் கேட்கவில்லை.