பிடாரி தெற்கே போன வருஷம்

என் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, வாயைத் திறந்தால் ஊர்ப் பெரிய மனிதர்கள் தோள் துண்டைச் சரிசெய்துகொள்வார்கள். அவள் துணிச்சலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமை தாங்காது.

எங்கள் வயல்களுக்கு அடியில் நிலக்கரி இருக்கிறதாம், தோண்டப் போகிறார்களாம் என்று பேச்சு கிளம்பிய வருஷம் அது. தோண்டுவதற்கு முன்னால் ஊரில் கோயில், குளம், பழைய சின்னம் என்று என்னென்ன இருக்கிறது என்று பார்த்து எழுத ஓர் அம்மா வந்தார். உளுந்து பிடுங்கிய வயலில் வெயிலென்றும் பாராமல் குனிந்து குனிந்து நடந்தார். நாங்கள் பாண்டி ஆடுகிற ஓட்டாஞ்சில்லைக்கூடப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார். பாவம், விளையாட ஆள் இல்லை போலிருக்கிறது என்று நான் பரிதாபப்பட்டேன்.

கடைசி நாள் கோயில் வாசலில் வரைபடத்தை விரித்து, திருவிழாவில் பிடாரியம்மன் எந்த வழியாக எல்லை சுற்றி வரும் என்று கேட்டார். அந்த எல்லைக்குள் இருக்கிற நிலத்தையெல்லாம் தோண்ட வேண்டாம் என்று அவர் எழுதித் தருவாராம். அப்பா உற்சாகமாக வழி சொல்லச் சொல்ல அவர் கோடு இழுத்தார். கோடு தெற்குத் தெருவுக்கு முன்னாலேயே திரும்பிவிட்டது. எங்களுக்கு நடவு நடுகிறவர்கள் குடியிருக்கும் தெரு அது. அதைத் தாண்டித்தான் எங்கள் வயலே இருந்தது.

"அப்ப தெக்க இருக்கறதெல்லாம் அம்மன் எல்லையில சேராதா?" என்று கேட்டார் அந்த அம்மா.

அப்பாவுக்கும் சுற்றி நின்ற ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது. அத்தைதான் முன்னால் வந்தாள்.

"அங்கயும் அம்மன் போவுதுங்க, எழுதிக்குங்க."

"எப்பலேருந்து?"

"இந்த வருஷத்துலேருந்து."

அந்த அம்மா சிரிக்கவில்லை. கண்ணால் பார்த்தால்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு வீட்டில் பிடித்த சண்டை வைகாசி வரைக்கும் ஓயவில்லை. வழக்கம் என்னாவது, ஊர் காறித் துப்பாதா என்றார் அப்பா. நிலம் போன பிறகு உன் வழக்கத்தை எந்த வயலில் நடப்போகிறாய் என்று கேட்டாள் அத்தை. மண்ணாசை யாரை விட்டது? தெற்கே நிலம் வைத்திருந்த பெரியவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள்.

வைகாசியில் அம்மன் சப்பரம் தெற்குத் தெருவுக்குள் நுழைந்தது. அந்த அம்மாவும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து, கோட்டை எங்கள் வயல் வரப்பைத் தாண்டி நீட்டிக்கொண்டார். அப்பா முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது.

தெரு முழுக்கத் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். ஆனால் ஒருவரும் சப்பரத்துக்குப் பக்கத்தில் வரவில்லை, சுவரோடு சுவராக நின்றார்கள். அத்தை நேரே போய், எங்கள் வயலுக்கு நடவுக்கு வருகிற ஒருத்தியின் கையைப் பிடித்து அழைத்துவந்து அம்மனுக்கு முன்னால் நிறுத்தினாள். அவள் கும்பிடக்கூடத் தோன்றாமல் அம்மன் முகத்தையே பார்த்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

எனக்கானால் ஒன்றும் விளங்கவில்லை. பள்ளிக்கூடம் போகிற வழியில் தினமும் எட்டிப் பார்க்கிற பிடாரிதானே, இதற்குப் போய் யாராவது அழுவார்களா என்று நினைத்தேன்.